சேகரிப்பாளர் சங்கத்தில் செயலாளர் பொறுப்பு: உண்மையில் எவ்வளவு நேரம் போகும்?

உங்கள் ஊர்த் தபால்தலை, நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் அடுத்த செயலாளராக இருக்கும்படி உங்களைக் கேட்கிறார்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவர், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. “மாதம் ஒரு கூட்டம்தானே, என்ன பெரிய வேலை” என்று மற்றவர்கள் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். காவிரிக் கரையில் ஓர் ஊரில், இதே மாதிரியான சங்கத்தில் நான் ஆறு வருடம் செயலாளராகவும் அப்புறம் மூன்று வருடம் பொருளாளராகவும் இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கூட்டம் மாதத்துக்கு ஒன்றுதான். ஆனால் செயலாளரின் நேரம் கூட்டத்தில் போவதில்லை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் போகிறது. என் கணக்கில் சாதாரண மாதத்துக்கு 25 மணி நேரம். கண்காட்சி வைக்கிற வருடத்தில் கடைசி மூன்று மாதம் அது இரண்டு மடங்கைத் தாண்டும். இதைத் தெரிந்துகொண்டு ஒத்துக்கொண்டால் ஆசையோடு செய்யலாம். தெரியாமல் தலையாட்டினால் ஆறு மாதத்தில் வீட்டுக்கும் பதில் சொல்ல முடியாது, சங்கத்துக்கும் பதில் சொல்ல முடியாது.

முதலில் கூட்ட நாள். எங்களுக்கு இரண்டாவது ஞாயிறு, ஒரு பள்ளிக்கூட அறை. பத்து மணிக்குக் கூட்டம் என்றால் நான் எட்டே முக்காலுக்கு அங்கே இருப்பேன். காவலரிடம் சாவி வாங்கி, மேசைகளை இழுத்துப் போட்டு, ஈரமில்லாத துணியால் துடைக்க வேண்டும். தபால்தலை வைக்கிற மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் போச்சு. பின்பக்கப் பசை ஒட்டிக்கொண்டால் அந்தத் தலையின் மதிப்பு அங்கேயே பாதியாகிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே மேசை போடக் கூடாது. இதெல்லாம் முடிந்து வருகைப் பதிவேட்டைத் திறந்து வைக்கும்போது முதல் ஆள் வந்துவிடுவார். ஒரு உறுப்பினர் தன் சேகரிப்பைப் பற்றிப் பேசுவார், அப்புறம் தேநீர், அப்புறம் ஏலம். ஒன்றரை மணிக்குப் பெருக்கிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர இரண்டாகும். ஆக ஐந்து மணி நேரம். அன்றைக்கு ராத்திரியே தீர்மானப் புத்தகத்தை எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தால் யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்பது மறந்துபோகும். இரண்டு மாதம் எழுதாமல் விட்ட தீர்மானப் புத்தகத்தை நினைவிலிருந்து நிரப்புவதைவிட மோசமான வேலை வேறு கிடையாது.

அடுத்த கூட்டத்துக்கு யார் பேசுவது என்று ஆள் பிடிப்பது, அழைப்பு அனுப்புவது, நடுவில் ஒருமுறை செயற்குழு கூடுவது, இதற்கெல்லாம் ஐந்தாறு மணி நேரம். மீதியெல்லாம் தொலைபேசிதான்.

தொலைபேசியைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கத்தின் பேரில் ஒரு எண் வெளியே போனால், அது செயலாளரின் எண். தினமும் அரை மணி நேரம் அதற்கே போகும். உறுப்பினர்களின் அழைப்புகள் அதில் பாதிகூட இருக்காது. “சார், எங்கிட்ட டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபா நோட்டு இருக்கு, எத்தனை லட்சம் வரும்?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். 786 என்று முடிகிற நோட்டு, வைஷ்ணவ தேவி படம் போட்ட நாணயம், ஆங்கிலேயர் காலத்துக் கால் அணா என்று ஒவ்வொருவரும் எதையோ கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். இவர்களில் பலர் ஏதோ விளம்பரத்தைப் பார்த்து நம்பிப் பேசுகிறவர்கள். சிலர் அதற்குள் ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’ என்று முன்பணம் கட்டியே ஏமாந்திருப்பார்கள். பழைய நோட்டு, நாணயங்களை வாங்கி விற்பதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்கிறார்கள், அந்த மாதிரி எதிலும் வங்கிக்குச் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிப்புக் கொடுத்தது. அதற்குப் பிறகும் அழைப்புகள் குறையவில்லை.

ஒரு நாள் ஒரு அம்மா கூப்பிட்டார். கணவர் இல்லை, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், கையில் மூன்று பழைய நோட்டு இருக்கிறது, பத்து லட்சம் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார், ஆனால் முதலில் எட்டாயிரம் அனுப்பச் சொல்கிறார் என்றார். அனுப்பாதீர்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அவர் மனசு அதை ஏற்றுக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நோட்டுகளுக்குச் சங்க ஏலத்தில் என்ன கிடைக்கும் என்று நான் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த முக்கால் மணி நேரம் எந்தத் துணை விதியிலும் செயலாளரின் கடமையாக எழுதப்படவில்லை. ஆனாலும் சங்கம் அந்த மாதம் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நாணயம் சம்பந்தப்பட்ட சங்கம் என்றால் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் படுகையில், வயலில் கிடைத்தது என்று துண்டில் முடிந்து காசு கொண்டுவருவார்கள். பச்சை பிடித்த செப்புக் காசுகள், பார்த்தவுடன் நமக்குக் கை பரபரக்கும். 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கிற, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறு வருடத்துக்குக் குறையாத நாணயம் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள்; அதை வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு நண்பருக்கு ராஜராஜன் காசு அனுப்பலாமா என்று கேட்கிற உறுப்பினருக்கு முடியாது என்று சொல்ல வேண்டியது செயலாளர்தான். நம் மேசையில், நம் ஏலத்தில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது என்பதில் நீங்கள் கண்டிப்பாக இல்லையென்றால், ஒரு நாள் சங்கத்தின் பெயரே கெட்டுப்போகும். இந்தக் கண்டிப்பால் இரண்டு நல்ல நண்பர்கள் என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

பிள்ளைகள் விஷயம் தனி. அஞ்சல் துறை 2017-இல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை தபால்தலை சேகரிக்கிற மாணவர்களுக்கு வருடம் 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வினாடி வினா, செயல்திட்டம் என்று இரண்டு கட்டம் இருக்கும். பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளையின் பேரில் தபால்தலை வைப்புக் கணக்கு (முன்பணம் கட்டிவைத்துப் புதுத் தபால்தலைகளை வாங்கிக்கொள்கிற அஞ்சலகக் கணக்கு) இருக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் பெற்றோர்கள் சங்கத்தைத்தான் தேடி வருவார்கள். பள்ளிகளுக்கு வழிகாட்டியாக மூத்த சேகரிப்பாளர்களையும் அஞ்சல் துறை கேட்கும். அந்த இரண்டு மாதம் ஞாயிறு மாலைகள் போய்விடும். எனக்கு அது ஒருபோதும் பாரமாகத் தெரியவில்லை. தபால்தலையை விரலால் எடுத்த பிள்ளை, மூன்றாவது வாரம் இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தாளுக்குள் இருக்கிற நீர்க்குறி தேடுவதைப் பார்த்தால் உங்களுக்கும் பாரமாகத் தெரியாது. ஆனால் நேரம் நேரம்தான், கணக்கில் சேருங்கள்.

சரி, பொருளாளருக்கு வருவோம். இந்தப் பொறுப்பில் நேரம் குறைவு, ஒழுங்கு அதிகம். மாதம் ஏழெட்டு மணி நேரம், ஏப்ரல், மே மாதங்களில் இருபது வரை போகும். சந்தாவை விட ஏலக் கணக்குதான் சிக்கல். ஒரு ஞாயிறு நாற்பது உருப்படி ஏலத்துக்கு வரும் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், கொடுத்தவர் பெயர், ஆரம்ப விலை எழுதிய சீட்டு. விற்றதில் எங்கள் சங்கத்துக்குப் பத்து சதவீதம், மீதி கொடுத்தவருக்கு. விற்காததைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கியவர் “அடுத்த மாசம் தர்றேன் அண்ணா” என்பார்; விற்றவர் இன்றைக்கே பணம் கேட்பார். இந்த இடைவெளியைத் தன் கைக்காசால் நிரப்புகிற பொருளாளர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அப்படிச் செய்தேன். செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். பணம் வந்த பிறகுதான் பட்டுவாடா என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். இன்னொன்று, பொருளாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபேயில் பணம் வாங்குகிற பழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு க்யூஆர் அட்டை வாங்கி மேசையில் வையுங்கள். நேர்மையான மனிதரைக்கூட வீட்டுக் காசும் சங்கக் காசும் ஒரே கணக்கில் கலந்தால் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

இப்போது அரசாங்கத் தாள்கள். நம் ஊர்ச் சங்கங்கள் பெரும்பாலும் 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவானவை. ஏழு பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். நடத்துவதுதான் வேலை. செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்தல் நடந்ததாகப் பதிவு இருக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பருக்குள், பொதுக்குழு கூட்டித் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. இதெல்லாம் ஒழுங்காகச் செய்தால் வருடத்துக்கு மொத்தமே மூன்று நாள் வேலை. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் அனுபவித்தேன்.

நான் செயலாளரானபோது என் கையில் ஒரு தகரப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே ரசீது அடிக்கட்டைகள், பாதி எழுதிய நோட்டு, ரப்பர் ஸ்டாம்பு, காய்ந்துபோன மைப் பட்டை, ஒரு பழைய பாஸ்புக். பதிவுச் சான்றிதழின் மூலம் அதில் இல்லை. விசாரித்தால், மூன்று வருடமாகக் கணக்கு தாக்கலாகவில்லை. முன்பிருந்தவர் கெட்டவர் இல்லை; அம்மா படுக்கையில் விழுந்த வருடத்தில் அவருக்கு நேரம் இல்லாமல் போனது, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த வருடம் சேர்த்துச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டார். வங்கியிலோ ஊரை விட்டே போய்விட்ட பழைய பொருளாளரின் கையெழுத்துத்தான் இருந்தது. கையெழுத்தை மாற்ற வங்கி படிவம் 7-இன் நகலைக் கேட்டது. படிவம் 7 கொடுக்கப் போனால், பழைய வருடக் கணக்கு எங்கே என்று பதிவாளர் அலுவலகம் கேட்டது. மூன்று வருட ரசீதுகளையும் என் வீட்டு ஊஞ்சல் பலகையில் மாதவாரியாக அடுக்கி, ஒரு தணிக்கையாளரைக் கெஞ்சி, தாமதக் கட்டணம் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் சங்கத்தின் சொந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை. அறை வாடகையை நான்கு பேர் பங்கு போட்டுக் கட்டினோம்.

அதனால்தான் சொல்கிறேன், இப்போதே ஒரு காரியம் செய்யுங்கள். சரி என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் சங்கத்தின் கடைசி இரண்டு வருடத் தாக்கல் ரசீதையும், தீர்மானப் புத்தகத்தையும், வங்கியில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்பதையும் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. “ஐயா, நான் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக ஆரம்பிக்க வேண்டும், அதற்காகத்தான்” என்று சொன்னால் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். பாக்கி இருந்தால் அதைத் தீர்க்கும் பொறுப்பு பழைய குழுவுக்கும் உண்டு என்று அங்கேயே பேசிவிடுங்கள்.

தலைவர் பதவிக்கு மாதம் நான்கைந்து மணி நேரம் போதும். கூட்டத்தை நடத்துவது, கையெழுத்துப் போடுவது, அஞ்சலகத்துக்கும் பள்ளிக்கும் மரியாதை நிமித்தம் போய்வருவது. ஆனால் இரண்டு உறுப்பினர்களுக்குள் ஒரு நாணயம் போலியா இல்லையா என்று சண்டை வந்தால், அந்த வாரம் முழுக்கத் தலைவருடையதுதான். துணைத்தலைவர் பதவியைப் பெரும்பாலும் மரியாதைக்கு வைத்திருப்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. நூலகத்தையோ ஏலத்தையோ அவரிடம் எழுத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

கண்காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தபால்தலைக் கண்காட்சிச் சட்டகம் ஒன்றுக்குப் பதினாறு தாள் பிடிக்கும். முப்பது சட்டகம் என்றால் 480 தாள். ஒவ்வொன்றும் உறையோடு, வரிசை மாறாமல், கோணாமல் உள்ளே போக வேண்டும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சட்டகத்துக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். முப்பதுக்கும் ஏழரை மணி நேரம், அதுவும் பழகிய கைக்கு. உரிமையாளர் முன்னிலையில் போட வேண்டும், உரிமையாளர் முன்னிலையில் எடுக்க வேண்டும், இரண்டுக்கும் கையெழுத்து. ராத்திரி அறையில் யாராவது இரண்டு பேர் படுக்க வேண்டும், ஏனென்றால் சிலருடைய முப்பது வருடத் தேடல் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இதோடு சிறப்பு அஞ்சல் உறை வெளியிடலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், உறைக்கும் முத்திரைக்கும் வடிவமைப்பு, அஞ்சல் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பம், கட்டணம், அச்சகம், வெளியிட வருகிற அதிகாரியின் தேதி என்று இன்னொரு வேலை முழுசாகச் சேரும். எங்கள் முதல் கண்காட்சி நாளும் என் மகளின் பள்ளி ஆண்டுவிழாவும் ஒரே நாள். நான் கண்காட்சிக்குப் போனேன். அவள் ஆடியதை என் மனைவி எடுத்த காணொளியில்தான் பார்த்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். குழந்தை சின்னது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் செயலாளராக இருக்கிற முதல் வருடத்தில் கண்காட்சி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவது வருடம் வைத்தாலும் கண்காட்சிக்கென்று தனிக் குழு, தனிப் பொறுப்பாளர். செயலாளர் அதில் ஒரு உறுப்பினர், அவ்வளவுதான்.

என் ஆறு வருடத்தில் கடைசி மூன்று வருடம் முதல் மூன்றைவிட இலகுவாக இருந்தது. வேலை குறையவில்லை, பிரித்துக்கொண்டோம். வெளியாட்களின் அழைப்புக்குத் தனி எண் வாங்கி, அந்தக் கைபேசியை மூன்று பேர் மாதம் ஒருவராக வைத்துக்கொண்டோம். மாலை ஆறிலிருந்து ஏழு வரைதான் பதில். நோட்டு எத்தனை லட்சம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதிலை எழுதிவைத்து, ரிசர்வ் வங்கி அறிவிப்போடு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அழுகிற குரல் வந்தால் மட்டும் பேசுவது. அறை திறப்பதும் பூட்டுவதும் இணைச்செயலாளர் வேலை. தாக்கல் தேதிகளைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினோம். முக்கியமான தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து மூன்று பேர் பார்க்கிற இடத்தில் வைத்தோம், தகரப் பெட்டியை நம்பவில்லை. 25 மணி நேரம் எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்றாகக் குறைந்தது. உங்கள் நிலைமையில் நீங்கள் கேட்க வேண்டிய அளவு இதுதான்: மாதம் பன்னிரண்டு மணி நேரம் தருகிறேன், அதற்குள் அடங்கும்படி மீதியை யார் யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று செயற்குழுவில் பெயரோடு தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அதற்கு ஆள் வராவிட்டால், செயலாளராக வேண்டாம், ஒரு வருடம் இணைச்செயலாளராக இருந்து பழகுகிறேன் என்று சொல்லுங்கள். கூட்டம், தீர்மானப் புத்தகம், செப்டம்பர் தாக்கல் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து ஒருமுறை பார்த்துவிடலாம். எனக்குப் பின்னால் வந்தவர் அப்படித்தான் வந்தார். பொறுப்பை ஒப்படைத்த அன்று அவர் தகரப் பெட்டியைத் திறந்து, சான்றிதழ், பாஸ்புக், ரசீதுப் புத்தகங்கள், ஆறு வருடத் தாக்கல் ரசீதுகள் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பெட்டியைத் தூக்கினார்.